பதின்மூன்றாவது அமாவாசை

போன கிழமை உங்கள் கணினி அறைக்கு வந்தபோது, உங்களில் ஒருவர் புரோகிராமில் சந்தேகமான வரிகளைக் காட்டிக் கம்பைலர் தரும் எச்சரிக்கைகள் அனைத்தையும் அணைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "அது சும்மா புறுபுறுத்துக்கொண்டிருக்கும் அங்கிள். புரோகிராம் ஓடுதுதானே" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு எனக்குச் செமிக்கவில்லை. அங்கேயே சொல்லியிருக்கவேண்டிய விடயத்தை இப்போது எழுதுகிறேன்.

நான் முறையாகப் படித்தவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஊர் வழக்கப்படி கொழும்பில் சொந்தக்காரரின் கடைக்குப் போனேன். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கடை எரிந்தது. அகதி முகாமில் இருந்துவிட்டுக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினேன். ஊரில் கால் தரிக்கவில்லை. துபாய்க்குப் போய் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில் தேநீர் கொடுத்தேன். அங்கே கணினி வேலை செய்த ஒரு மலையாளி, ஓய்வு நேரத்தில் என்னைப் பக்கத்தில் இருத்திச் சீ (C) என்ற கணினி மொழியைக் காட்டித் தந்தார். திரையில் ஒரு எச்சரிக்கையாவது இருக்கும்வரை அவர் கதிரையை விட்டு எழும்பமாட்டார். அது எனக்குப் பயந்தாங்கொள்ளித்தனமாகப் பட்டது. விசா முடிந்தது, திரும்பி வந்தேன்.

அந்த நேரம் ஊர்காவற்றுறையில் ஒரு தண்ணீர்த் திட்டம் நடந்தது. வெளிநாட்டுக் காசு. தீவுப்பகுதிக் கிணறுகளில் எது குடிக்கத் தக்கது, எது உவர் என்று ஒரு வருடம் அளந்து பார்ப்பதுதான் வேலை. உவர்க் கிணறு கூடின ஊருக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வரும் என்றார்கள். அவர்களிடம் ஒரு கணினி இருந்தது, அதைத் தொட ஆள் இல்லை. துபாய் என்று சொன்னவுடனே எடுத்துவிட்டார்கள். பகலில் சைக்கிளில் உப்பு அளக்கும் மீட்டரோடு கிணறு கிணறாகப் போவேன். பாலத்துச் சோதனைச் சென்றியில் இந்திய ஆமிக்காரன் மீட்டரைக் காதில் வைத்துப் பார்ப்பான். ஜெனரேற்றருக்கு எண்ணெய் கிடைக்கும் நாட்களில் கந்தோரில் இருந்து புரோகிராம் எழுதுவேன்.

மாதம் ஒரு தரம் அளக்கவேண்டும் என்பது திட்டத்தின் கட்டளை. மாதத்தில் எந்த நாள் என்று பொறியியலாளர் கேட்டபோது, நான்தான் அமாவாசை என்றேன். அமாவாசைக்குக் கடல் கூட ஏறும். கடற்கரைப் பக்கக் கிணறுகளில் உப்பும் அன்றைக்குத்தான் கூட இருக்கும். மோசமான நாளில் தேறினால் மற்ற நாளுக்குப் பயமில்லை. அதோடு அமாவாசையை ஊரில் எவரும் மறக்கமாட்டார்கள். வாசல் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். பொறியியலாளருக்கு இந்த யோசனை நன்றாகப் பிடித்தது. எனக்கும் என்மேல் நல்ல மதிப்பு வந்தது.

புரோகிராமில் ஒவ்வொரு கிணற்றின் அளவுகளுக்கும் பன்னிரண்டு இடம் ஒதுக்கினேன். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். கிணறுகளை வரிசையாக அடுக்கியிருந்தேன். ஒரு கிணற்றின் பன்னிரண்டாவது இடம் முடியும் இடத்திலேயே அடுத்த கிணற்றின் முதலாவது இடம் தொடங்கும். நடுவில் ஒன்றும் இல்லை.

இங்கே வேலி அடைக்கும் காலத்தில் நடக்கிற சண்டை உங்களுக்குத் தெரியும். வேலிக் கதியாலை அரை அடி தள்ளி நட்டுவிட்டான் என்று கோட்டில் வழக்குப் போட்டுப் பரம்பரையாகப் பேசாமல் இருப்பார்கள். சீ மொழிக்கு வேலியே இல்லை. கணினியின் நினைவில் இடத்தைக் காட்டும் சுட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் வளவுக்குள் நடந்து போனாலும், யார் நீ என்று கேட்காது. அங்கே ஒரு எண்ணை வைத்துவிட்டு வரலாம். அங்கிருந்த எண் அழிந்துபோகும், அவ்வளவுதான். புரோகிராம் தடுக்கி விழாது. தடுக்கி விழுந்தால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம்.

அந்த எண்களை எடுத்து வைக்கும் பகுதிக்குக் கிணறு கிணறாகப் பிரிந்த அட்டவணையைக் கொடுக்காமல், தொடக்கத்தைக் காட்டும் ஒரு வெறும் சுட்டியை மட்டும் கொடுத்தேன். எழுதச் சுலபம். கம்பைலர் ஒரு வரி சொன்னது: சந்தேகத்துக்குரிய சுட்டி மாற்றம். உங்கள் இன்றைய கம்பைலர் பல இடங்களில் எல்லை தாண்டுவதையே விரல் நீட்டிக் காட்டும். அன்றையது அந்தளவுக்கு விளக்கம் சொல்லாது. ஆனால் அது சொன்னதன் கருத்து இதுதான்: நீ வேலியைப் பிடுங்கிவிட்டுத் தருகிறாய், இனி எது எவன் காணி என்று எனக்குத் தெரியாது. அதுவும் போதுமான எச்சரிக்கைதான்.

நான் எச்சரிக்கையை அணைத்தேன். ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது, எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. புரோகிராம் ஓடியது.

இன்னொன்றும் செய்தேன். பிரிண்டர் றிபன் தீவுக்குள் வராத காலம். றிபன் மிச்சம் பிடிக்க, அளவுகள் எதையும் அச்சடிக்காமல் தீர்ப்பை மட்டும் அச்சடிக்கும்படி செய்தேன். கிணற்றின் பெயர், பக்கத்தில் பச்சை அல்லது சிவப்பு. ஏதாவது ஒரு சுற்றிலாவது உப்பு எல்லையைத் தாண்டினால் சிவப்பு.

வருடம் முடிந்தது. தை மாதம் கந்தோர் கேட்ட தீர்ப்பை எடுத்துக்கொண்டு, சிவப்பு விழுந்த கிணறுகளில் குறி போட ஒரு பேணி சிவப்புப் பெயின்றும் பிரசுமாக மடத்துவெளிக்குப் போனேன்.

மடத்துவெளியில் பூரணம் அக்காவின் கிணறு என்று ஒன்று. அவரின் கணவர் தெற்கில் கடை வைத்திருந்தவர். கடையும் போய், ஊருக்கு வந்து, கொஞ்ச நாளில் அவரும் போய்விட்டார். அந்தக் குடும்பமும் கொழும்பு முகாமில் இருந்ததுதான். ஒரே குழாய், எல்லாச் சாதியும் ஒரே வரிசையில் நின்று, ஒரே பைப்பைத் தொட்டுத் தண்ணீர் பிடித்தது. ஊருக்கு வந்தபிறகு பூரணம் அக்கா தன் கிணற்றுக் கயிற்றை யாருக்கும் மறுக்கவில்லை. எவரும் வந்து தாங்களே அள்ளலாம். சொந்தக்காரர் சிலர் அவர் வீட்டில் கை நனைப்பதை விட்டார்கள். அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அந்தப் பக்கத்தில் இன்னொரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. அது என் மாமாவின் கிணறு. அங்கே சாதி பார்ப்பார்கள், ஒரு பகுதியார் கயிற்றைத் தொட ஏலாது. வேலிக்கு வெளியே குடத்தோடு நிற்கவேண்டும். வீட்டில் யாருக்காவது நேரம் கிடைத்தால் வந்து அள்ளி ஊற்றுவார்கள்.

பூரணம் அக்காவின் கிணற்றுக்குச் சிவப்பு விழுந்திருந்தது.

நான் கிணற்றுக்கட்டில் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போடத் தொடங்க, தண்ணீர் அள்ள வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். பூரணம் அக்கா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி பூசுறீர்? கிணத்துக்குப் பொட்டு வைக்கிறீரோ?"

"தண்ணி சரியில்லை அக்கா. இனிக் குடிக்க ஏலாது."

"ஆர் சொன்னது?"

"கொம்பியூட்டர் சொல்லுது."

"அது எப்ப இஞ்சை வந்து குடிச்சது?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் இராசாத்தி என்று ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. துபாய்க்குப் போய் வந்தவன், மீட்டர் வைத்திருப்பவன், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பூரணம் அக்கா ஒரு வாளி அள்ளிச் செம்பில் ஊற்றி நீட்டினார். "இந்தாரும். குடிச்சிட்டுச் சொல்லும்."

குடித்தேன். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவன், முழுச் செம்பையும் குடித்தேன். அளக்க வந்த ஒவ்வொரு முறையும் அந்தக் கிணற்றில் நான் குடித்த அதே தண்ணீர். ஒரு துளி உவர் இல்லை. அது என் நாக்குக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்:

"நாக்கை நம்ப ஏலாது அக்கா. நாக்குக்குப் பிடிபடாத உப்பும் இருக்கு. பெரியாக்களுக்கு ஒண்டும் செய்யாது. பிள்ளையளின்ரை கிட்னியைத்தான் தின்னும்."

சிரிப்பு நின்றது. இராசாத்தி இடுப்பிலிருந்த பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் பிடித்தாள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, புரோகிராமில் விட்ட பிழையை நான் இன்று பெரிதாக எடுப்பதில்லை. இந்தத் தொழிலில் பிழை விடாதவர் இல்லை. ஆனால் அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கணம் வேறு. இயந்திரம் சொல்வதும் என் நாக்கு சொல்வதும் இரண்டு விதம் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். நான் செய்யவேண்டியிருந்தது, பேணியை மூடிக்கொண்டு "ஒருக்கால் பாத்திட்டு வாறன் அக்கா" என்று சொல்வது மட்டும்தான். நாலு சொல். சிரித்துவிட்டார்களே என்ற கோபத்தில் அந்த நாலு சொல் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளின் கிட்னி வந்தது.

புள்ளடியின் இரண்டாவது கோட்டையும் இழுத்துவிட்டு வந்தேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு மாமா வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தபோது, வேலிக்கு அப்பால் நல்ல வெயிலில் குடங்களோடு ஒரு வரிசை நின்றது. இராசாத்தியும் நின்றாள். பிள்ளையின் தலையில் ஒரு ஈரத் துணி. கிணற்றடியில் யாரும் இல்லை. மாமி படுத்திருந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கினம்?" என்று மாமாவைக் கேட்டேன்.

"நிக்கட்டன். மாமி எழும்பி ஊத்துவா." மாமா வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்தார். "நல்ல வேலை செய்தாய் மருமோன். அவள் பூரணத்தின்ரை கிணத்தடியில எல்லாரும் துள்ளின துள்ளு உனக்குத் தெரியாது. இப்ப திரும்பி எங்கை வந்து நிக்கினம் பாத்தியோ? ஒரு கோடு கீறினாய், ஊர் ஒழுங்குக்கு வந்திட்டுது."

அவர் என்னைப் பாராட்டினார். ஊரிலும் அப்படித்தான் கதைத்தார்களாம்: மாமனுக்காக மருமகன் பூசின பெயின்ற். இராசாத்தி என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை என்றால் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, மாமி எழும்பினாவோ என்று வீட்டு வாசலைப் பார்த்தாள்.

அங்கிருந்து நேரே கந்தோருக்கு மிதித்தேன். அடுத்த நாளுக்கென்று வைத்திருந்த எண்ணெயை ஜெனரேற்றருக்கு ஊற்றிவிட்டு, முதல் தடவையாக அளவுகளைத் திரையில் வரவழைத்துப் பார்த்தேன். பூரணம் அக்காவின் கிணறு எல்லாச் சுற்றிலும் எல்லைக்குக் கீழேதான் நின்றது, முதலாவது சுற்றில் மட்டும் எங்கோ ஏறி நின்றது. அந்த எண்ணை நான் வேறு எங்கோ பார்த்திருந்தேன். வரிசையில் அதற்கு முந்தியது கடற்கரைக் கிணறு; கால் கழுவ மட்டும் பாவிப்பது. அதன் கடைசிச் சுற்று அளவு என் பையிலிருந்த துண்டில் இருந்தது. இரண்டும் ஒரே எண். புள்ளிக்குப் பிறகு வருவதும் அதேதான்.

கடைசிச் சுற்று எத்தனையாவது சுற்று? விரல் விட்டு எண்ணினேன். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரின் பழைய தாள்களைப் பிரட்டி எண்ணினேன். அந்த வருடத்துக்கு ஜனவரி தொடக்கத்தில் ஒரு அமாவாசை, டிசம்பர் முடிவில் ஒரு அமாவாசை. மொத்தம் பதின்மூன்று. இங்கிலீசு மாதத்தை வைத்துப் பெட்டி செய்தவனும் நான்தான், பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சைக்கிள் மிதித்தவனும் நான்தான். எத்தனையாவது சுற்று என்று புரோகிராம் கேட்க, பதின்மூன்று என்று என் கையாலேயே தட்டியிருக்கிறேன். வருடத்துக்குப் பதின்மூன்று அமாவாசை வருவது எங்கள் ஆட்களுக்குப் புதினமில்லை. அதனால் அந்த எண் என் கண்ணில் குத்தவே இல்லை. பதின்மூன்றாவது உப்பு, இடமில்லாமல், வேலியில்லாத பக்கத்து வளவுக்குள் விழுந்து, பூரணம் அக்காவின் முதலாவது இடத்தில் ஏறி இருந்துகொண்டது. மற்றக் கிணறுகளிலும் அப்படித்தான் விழுந்திருந்தது. ஆனால் அங்கெல்லாம் தீர்ப்பு மாறவில்லை. ஒரு கிணற்றுக்குத்தான் மாறியது.

எச்சரிக்கையைத் திரும்ப இயக்கிக் கம்பைல் பண்ணினேன். அதே ஒரு வரி வந்தது. கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. முதல் நாள் சொன்ன அதே சத்தத்தில் சொன்னது.

பொறியியலாளர் நல்ல மனிதர்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு கிணறுதானே. அடுத்த வருசத்து அறிக்கையில பச்சையாக்கி விடுவம்."

"அதுமட்டும் அந்தச் சனம் வேலிக்கு வெளியில நிக்கும் சேர்."

"இஞ்சை பாரும். ஒண்டு பிழையெண்டு சொன்னால் மிச்சம் எல்லாம் பிழையோ எண்டு கேப்பினம். காசு தாற ஆக்கள் கேப்பினம். பவுசர் வராது. ஒரு கிணத்துக்காக முழுத் தீவின்ரை தண்ணியையும் ஊத்திவிடப் போறீரோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். உங்களுக்கும் ஒரு நாள் ஒருவர் இப்படி நியாயமாகச் சொல்லுவார். எனக்கு எதிர்நியாயம் ஒன்றும் தெரியவில்லை. "நான் போய்ச் சொல்லப்போறன் சேர்" என்றேன். "போனால் திரும்பி வரவேண்டாம்" என்றார். வேலை போவது எனக்குப் பழக்கம். மற்ற எல்லா எண்களையும் சரிபார்த்து மேசையில் வைத்துவிட்டு, ஒரு கம்பிப் பிரசையும் கொஞ்ச மண்ணெண்ணெயையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பவுசர் வந்ததா என்று உங்களுக்குச் சொல்ல ஏலாது. அதே வருடம் சண்டை திரும்பவும் தொடங்கி, தீவே வெறித்துப் போனது.

பூரணம் அக்காவின் வளவு அமைதியாக இருந்தது. கப்பியில் கயிறு காய்ந்துபோயிருந்தது. நான் கேட்காமலே கிணற்றுக்கட்டில் குந்தி உரசத் தொடங்கினேன். பெயின்ற் சுண்ணாம்புக்குள் ஊறிவிட்டது. உரச உரச வெளிறியதே தவிரப் போகவில்லை. அவர் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிழை என்ரை அக்கா. உங்கடை கிணத்தில ஒண்டுமில்லை. கொம்பியூட்டருக்கு நான் பிழையாச் சொல்லிக் குடுத்திட்டன்."

"எனக்குத் தெரியும்தானே. நான் ஒரு நாளும் நிப்பாட்டேல்லை. இதைத்தான் குடிக்கிறன்." பிறகு மாமா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "என்னட்டை ஏன் சொல்லுறீர்? அங்கை நிக்கிறவையட்டைப் போய்ச் சொல்லும்."

பிரசை அங்கேயே வைத்துவிட்டுப் போனேன். வரிசை நின்றது. மாமா வாசலில் கதிரை போட்டு இருந்தார். அவரும் கேட்கத்தக்கதாக, வேலிக்கு வெளியே நின்று சொன்னேன்: பூரணம் அக்காவின் தண்ணீர் நல்ல தண்ணீர். கிட்னிக் கதை நான் சொன்ன பொய். அங்கே போய் அள்ளலாம்.

"டேய், உனக்கென்ன விசரோ?" என்று மாமா எழும்பினார். "படிச்ச மிசின் சொன்னதை நீ ஆரடா மாத்த?"

பெண்கள் அசையவில்லை. ஏன் அசையவேண்டும்? அன்றைக்கும் நான்தான் சொன்னேன், இன்றைக்கும் நான்தான் சொல்கிறேன். இராசாத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அண்டைக்கு ஒரு செம்பு முழுக்கக் குடிச்சனீர். அப்ப தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது" என்றேன்.

அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். மற்றவர்கள் கொஞ்சம் யோசித்துப் பின்னால் போனார்கள். வெறுங்குடங்களோடு அவர்கள் முன்னுக்கு, நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னுக்கு. மாமா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கிணற்றடியில் இராசாத்தி அரைகுறையாய் அழிந்த புள்ளடியைப் பார்த்தாள். காய்ந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து வாளியை இறக்கினாள். முதல் வாளியை ஒரு குடத்துக்குள்ளும் ஊற்றவில்லை. பூரணம் அக்காவிடம் செம்பை வாங்கி நிரப்பி என்னிடம் நீட்டினாள்.

"குடியும்."

குடித்தேன்.

"இப்ப சொல்லும்."

"நல்ல தண்ணி."

"பின்னால நிக்கிறவைக்குக் கேக்கேல்லை. சத்தமாச் சொல்லும்."

சத்தமாகச் சொன்னேன்.